வடுகபட்டியில் ஒரு வகுப்பறை

பெரியகுளத்திலிருந்து வைகை அணை நோக்கிச் செல்லும் சாலையில், வடுகபட்டியை நெருங்கும்போதே பூண்டின் மணம் நம்மை எதிர்கொண்டது. கொடைக்கானல் மலைப்பூண்டு மூட்டை மூட்டையாய் வந்திறங்கும் சந்தையால் பெயர்பெற்ற ஊர் இது. கவிஞர் வைரமுத்து வளர்ந்த ஊரும் இதுவே.

சந்தையைச் சுற்றிப் பார்த்தபின், நமக்கு நன்கு அறிமுகமான ஆசிரியை ஒருவரைக் காண அருகிலிருந்த நடுநிலைப்பள்ளிக்குச் சென்றோம். ஓய்வுபெறச் சில ஆண்டுகளே உள்ளவர். "கம்ப்யூட்டரெல்லாம் இளையவர்களுக்கு, சாமி, எனக்குச் சாக்பீஸ் போதும்" என்று முன்பு நம்மிடம் கூறியவர்.

2018-இல் தமிழகத்தின் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு அச்சிடப்பட்டது. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. கருவிகள் வந்தன; பலருடைய கைகள் தயங்கின. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது தயங்க இடமில்லாமல் போயிற்று.

"வீட்டுக்கு ஒரு கைப்பேசி; அதுவும் அப்பாவோடு தோட்ட வேலைக்குப் போய்விடும். இரவு எட்டு மணிக்குமேல்தான் பிள்ளைகள் கைக்கு வரும். அந்நேரத்தில் கேட்கட்டும் என்று பாடங்களைப் பேசி அனுப்ப விரும்பினேன், வழி தெரியவில்லை. பழைய மாணவி ஒருத்திதான் கற்றுக்கொடுத்தாள். தெரியாது என்று சொல்லத்தான் வெட்கமாயிருந்தது, சாமி. வெட்கம் போனபின் கருவி எளிதாகிவிட்டது" என்றார் அவர்.

2024-இல் அரசு தொடக்க, நடுநிலைப்பள்ளி ஆசிரியர்களுக்கு வழங்கிய கையடக்கக் கணினி இன்று அவர் மேசைமேல் இருந்தது. இதயத்தில் குருதி பாயும் காட்சியை மாணவர்க்குக் காட்டிக்கொண்டிருக்கையில் இணையம் அறுந்தது. அவர் சிறிதும் கலங்கவில்லை. சாக்பீஸை எடுத்து இதயத்தின் நான்கு அறைகளையும் பலகையில் வரைந்து, குருதி செல்லும் வழிக்கு அம்புக்குறியிட்டார். இணைப்பு மீண்டபோது, படத்தில் கண்டதைக் காட்சியிலும் காணுமாறு பிள்ளைகளிடம் சொன்னார்.

ஆசிரியரின் ஆயத்தம் எது என்பதை அவ்வகுப்பறையில் கண்டோம். பழையதைக் கைவிடாமல் புதியதைக் கேட்டுக் கற்கும் மனமே அது. ஆயினும் அம்மனம் மட்டும் போதாது. அறுந்துபோகாத இணையம், தொடர்ந்த பயிற்சி, கற்றுப் பழக நேரம் ஆகியவற்றை அரசும் பள்ளி நிர்வாகங்களும் அளித்தல் வேண்டும்.

பெற்றோர்க்கும் இதில் பங்குண்டு. மாலையில் ஒரு மணி நேரம் வீட்டுக் கைப்பேசியைப் பிள்ளையின் பாடத்திற்கென ஒதுக்கி, அருகில் அமர்ந்திருங்கள். உங்களுக்குத் தெரியாததைப் பிள்ளையிடமே கேளுங்கள். அந்த ஆசிரியை வெட்கப்படாதபோது, நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?