கந்தூரிச் சோறும் கல்வி நிதியும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிக் கடலோரமாகச் செல்லும் பெருந்தெருவிலே, பெரியநீலாவணையைத் தாண்டிய பின் எந்த ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்பதை வழிப்போக்கன் அறிதல் அரிது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று ஊர்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. கோயிற் கோபுரத்தைக் கண்ட கண் மறுகணமே பள்ளிவாசல் மினாராவைக் காண்கிறது. ஒரு புறம் கடல், மறுபுறம் வயல், நடுவே நெருங்கிய வீடுகள். நிலம் குறுகியது, மக்களோ மிகுதி. இந்த நெருக்கத்தை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னே வரும் செய்தி ஒன்றுக்கு அது வேண்டியிருக்கும்.

மருதமுனையில் கைத்தறி ஓசையைச் சிறிது நேரம் கேட்டுவிட்டுக் கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளிக்குச் சென்றேன். நாகூரிலே அடக்கமாகியிருக்கும் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக எழுந்த தலம் இது. ஆண்டகையின் உடல் இங்கில்லை. நினைவு மட்டுமே உண்டு. ஜமாதுல் ஆகிர் மாதத் தலைப்பிறையோடு கொடியேறிப் பன்னிரண்டு நாள் விழா நடந்து, ஈற்றில் கந்தூரிச் சோறு வழங்கப்படும். இவ்விழா மார்க்கத்துக்கு ஒத்ததா என்று வாதிடுவாரும் உளர்; அவ்வழக்கில் நுழைவது என் வேலையன்று. உலைமூட்டிப் பலர்க்குச் சோறிடும் வழக்கம் இக்கரையில் வேரூன்றியது என்பதே எனக்கு வேண்டியது.

பள்ளிக்குச் சற்று அப்பால் இருந்த தேநீர்க் கடையிலே முதியவர் ஒருவரிடம் இதனைப் புகழ்ந்து பேசினேன். அவர் சிரித்தார். "சோத்துக்குக் குறை வைக்க மாட்டம், தம்பி. புள்ளைக்குப் புத்தகம் வாங்கணும் எண்டு கேட்டா மட்டும் ஆளையாள் பாப்பம்" என்றார். விளையாட்டாகச் சொன்னாரோ, வருந்திச் சொன்னாரோ, அறியேன்.

கொடை இவ்வூரார்க்குப் புதிதன்று. ஓராண்டு கையிலே தங்கிய செல்வத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கு ஸக்காத்தாகக் கொடுக்க வேண்டும். நெல்லுக்குக் கணக்கு வேறு: வானம் பார்த்த பூமியாயின் விளைவிற் பத்தில் ஒன்று, உழைத்து நீர் பாய்ச்சிய வயலாயின் இருபதில் ஒன்று. உழவனின் பாட்டையும் எண்ணி வகுத்த நுட்பமான கணக்கு இது. ஆயின் அறுவடைக் காலத்தில் பலர் கைக்குச் சிறிது சிறிதாகப் பிரிந்து போகும் நெல், ஒரு பிள்ளையை ஐந்தாண்டு கொழும்பிலே இருத்திப் படிப்பிக்குமா? இவ்வினாவை எழுப்பி விடையும் கண்ட ஒருவர், 1942ஆம் ஆண்டில் இந்தக் கல்முனைக்கு வந்து சேர்ந்தார்.

அவர் ஏ. எம். ஏ. அஸீஸ். உலகப் போரிலே பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்த அரிசியும் நின்றது. இலங்கையின் உணவுக்குக் கிழக்கின் வயல்களே கதி என்றாகவே, உணவு விளைவைப் பெருக்குவதற்காக உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார் அஸீஸ். வயது முப்பது. இலங்கைச் சிவில் சேவையில் இடம் பெற்ற முதல் முஸ்லிம் அவரே. 1911இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிலே பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்று, அரசாங்க உதவிப் பணம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் வரை சென்றவர். சைவப் பெருமக்கள் எழுப்பிய கல்விச்சாலைகளின் நிழலிலே வளர்ந்த முஸ்லிம் பிள்ளை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

நெல்லைப் பெருக்க வந்தவர் கண்ணில் வேறொரு வறட்சி பட்டது. வயல் உண்டு, உழைப்பு உண்டு. மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைகளோ மிகச் சிலர். அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. அயலூரான காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகளாரோடு அவர்க்கு நட்பும் முகிழ்த்தது. ஒருவர் துறவி, மற்றவர் அதிகாரி; கல்வியைப் பற்றிய கவலை இருவர்க்கும் பொது.

1945ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை அஸீஸ் நிறுவினார். அதே ஆண்டு ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அப்படியாயின் நிதி எதற்கு என்று கேட்கலாம். கட்டணம் நீங்கிற்று; தங்குமிடமும் சாப்பாடும் புத்தகமும் நீங்கினவா? கல்முனையின் ஏழைக் குடியானவனுக்குக் கொழும்பு அன்று கடல் கடந்த நாடு போன்றது. அந்த இடைவெளியை நிரப்பவே நிதி வேண்டியிருந்தது.

இத்தகைய எண்ணம் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. பம்பாயிலே ஜம்ஷெட்ஜி டாட்டா 1892இல் உயர்கல்விக்கென ஓர் அறநிதி வைத்து, மாணவர்க்குக் கடனாக உதவினார். பின்னாளில் இந்தியக் குடியரசுத் தலைவரான கே. ஆர். நாராயணனும் டாட்டா உதவி பெற்றே இலண்டன் சென்றவர். அதே 1892இல் கொழும்பிலே சித்திலெப்பை, வாப்பிச்சி மரைக்கார் முதலியோர் முயற்சியால் ஸாஹிராக் கல்லூரி தொடங்கிற்று. விபுலாநந்தர் பிறந்ததும் அவ்வாண்டே. சிவில் சேவையைத் துறந்து 1948இல் அந்த ஸாஹிராவுக்கே அதிபராகச் சென்றார் அஸீஸ்.

ஒரு சமூகத்துக்கு மட்டும் நிதி ஏன் என்ற கேள்வி அன்றும் எழுந்திருக்கும், இன்றும் எழும். பின்தங்கியவனுக்கு முதலிற் கைகொடுப்பது தவறன்று என்பது என் கருத்து. ஆனால் அக்கேள்வி எவ்வளவு பெரிதாக வளரக்கூடும் என்பதைக் கல்முனைக்குத் தெற்கே கண்டேன்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கடல் இவ்வூர்களின் மேல் ஏறி வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கரையோரத்தில் மீண்டும் வீடு கட்டலாகாது என்று அரசாங்கம் தடுத்தது. வேறு நிலமோ இல்லை. முன்பு சொன்ன நெருக்கம் இங்கேதான் குறுக்கே நின்றது. உலகம் கைநீட்டியது உண்மை. சாய்ந்தமருதிலே பொலிவேரியன் கிராமம் என்று ஒரு குடியிருப்பு உண்டு. தென்னமெரிக்க வீரன் பொலிவாரின் பெயர், வெனிசுவேலா நாட்டின் உதவியோடு, கிழக்கிலங்கைக்கு வந்து ஊர்ப்பெயராகிவிட்டது!

அக்கரைப்பற்றுப் பகுதியில் நுரைச்சோலையின் கதை வேறு. அங்கே சவூதி அரேபியாவின் கொடையால் 500 வீடுகள் எழுந்தன. பாடசாலை, மருத்துவமனை என்று யாவும் கூடிய பெருங்குடியிருப்பு. ஆனால் யார்க்கு எத்தனை வீடு என்பதிலே சமூகங்களிடையே பிணக்கு மூண்டு, வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. கட்டி முடித்துப் பத்தாண்டுக்கு மேலாகியும் அவ்வீடுகளிலே விளக்கேற்றுவார் இருக்கவில்லை. மழையும் வெயிலும் கூரையைத் தின்ன, முற்றத்திலே பற்றை படர்ந்தது. வீடிழந்தவர்களோ உறவினர் வீட்டுத் திண்ணையில் முதுமை எய்தினர். கொடுத்தவர் மனத்திற் குறையில்லை; கேட்டவர் எவரும் தம் நியாயத்தைக் கைவிடவும் இல்லை. கல்நாட்டு முன் ஒரே பாயிலே அமர்ந்து பேசியிருந்தால் என்ன என்று எண்ணாமல் அவ்விடத்தை விட்டு அகல முடியவில்லை.

மாலையிற் கல்முனைக்குத் திரும்பும் பேருந்தில் ஏறினேன். அட்டாளைச்சேனையும் பாலமுனையும் கழிந்து ஒலுவிலில் வண்டி நின்றது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டே பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இங்கேதான் உள்ளது. மாணவர் கூட்டமாக ஏறினர். தமிழும் சிங்களமும் கலந்து ஒலித்தன. என் அருகே மீன் கூடையோடு அமர்ந்திருந்த மூதாட்டி, கூடையை மடிக்கு மாற்றிக்கொண்டு, கையிலே புத்தகங்களோடு நின்ற ஒரு பெண்ணை, "இரி மகள், இரி" என்று இழுத்து இருத்தினார். எந்த ஊர், என்ன படிப்பு, வாப்பா என்ன தொழில் என்றெல்லாம் விசாரணை தொடங்கிற்று. காரைதீவுச் சந்தி வரையில் அது முடியவில்லை.