ஹவுளின் ஓரத்தில்

என் முழங்கைகளில் வெள்ளிச் செதில்கள் படர்ந்து பத்தாண்டுகளாகின்றன. சோரியாசிஸ் என்றார் மருத்துவர். உடலின் எதிர்ப்பாற்றல் தடுமாறுவதால், ஏறத்தாழ ஒரு மாதத்தில் முதிரவேண்டிய தோலணுக்கள் சில நாட்களிலேயே மேலெழுந்து குவிகின்றனவாம். இது தொற்றாத நோயென 2014-இல் உலக சுகாதாரப் பேரவை தீர்மானமே நிறைவேற்றியது. ஆயினும், ஒளுச் செய்யச் சட்டைக்கையை மடிக்கும்போது பக்கத்திலிருப்பவர் நகர்ந்தமர்கிறாரே! (முன்பு நானும் ஒருவரைக் கண்டு அவ்வாறு நகர்ந்தவன்தான்.) அரிப்பைவிட அதுவே என் உறக்கத்தைக் கெடுத்தது. வீட்டிலேயே ஒளுச் செய்து பள்ளிக்குச் செல்லலானேன்.

சென்ற மாதம் மதரஸாச் சிறுவனொருவன் என் முழங்கையைத் தொட்டு, "வலிக்குதா உஸ்தாத்?" என்றான். வீட்டில் அவனை இருமுறை கைகழுவச் சொன்னார்களாம். அதையும் அவனே சொன்னான். மறுநாளும் என்னருகில்தான் அமர்ந்தான். ஹவுளுக்கு மட்டும் நான் இன்னும் செல்லவில்லை.