வாவிக்கரை முந்திரிகையும் மலையடி முந்திரிகையும்

பேர்ணிலிருந்து லோசானுக்கு ரெயில் ஏறுகிறவர்கள் இடப்பக்கத்து யன்னலோரமாக இடம் பிடித்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் புல்வெளியும் பண்ணை வீடுகளுமாக ஓடும் வண்டி, லோசான் வருவதற்குச் சற்று முன் ஒரு சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வரும். வந்ததும் கீழே ஜெனீவா வாவி விரிந்து கிடக்கும். அக்கரையில் பிரான்ஸ் நாட்டு மலைகள். இக்கரையில், மலைச்சரிவிலிருந்து தண்ணீர் விளிம்பு வரைக்கும் படிப்படியாக முந்திரிகைத் தோட்டங்கள். இந்த இடத்துக்கு லவோ என்று பெயர்.

நாங்கள் இரண்டு குடும்பங்களாக அங்கே முதன்முதலில் போனது ஒரு மாசி மாதத்துச் சனிக்கிழமை. தொழிற்சாலை, மொழி வகுப்பு, கடை, வீடு என்று சுற்றிக்கொண்டிருந்த எங்களுக்கு ஒரு நாளாவது வெளியே போகவேண்டும் போல இருந்தது. எங்களோடு இருக்கும் பெரியப்பாவையும் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் வலிகாமம் வடக்கில் முந்திரிகைத் தோட்டம் செய்தவர். 1990ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது பந்தலைப் பந்தலாகவே விட்டுவிட்டு வந்தவர். இந்த நாட்டுக்கு வந்து முதலாவது குளிர்காலம் முழுவதும், தனக்கு இங்கே செய்ய ஒன்றுமில்லை என்று யன்னலடியிலேயே இருந்தார்.

குள்ளி என்ற சிறிய நிலையத்தில் இறங்கி மேலே நடந்தோம். எங்களுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. இலையுமில்லை, கொடியுமில்லை. முழங்கால் உயரத்தில் கறுத்த கட்டைகள்தான் வரிசை வரிசையாக நின்றன.

"என்ன பெரியப்பா, எல்லாம் பட்டுப்போச்சுதே?" என்று கேட்டோம்.

அவர் குனிந்து ஒரு தடியை நகத்தால் சுரண்டினார். உள்ளே பச்சை தெரிந்தது. "படேல்லை. நித்திரை கொள்ளுது" என்றார்.

முந்திரிகைக்குக் குளிர்கால நித்திரை அவசியம். குளிர் தொடங்க இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும். இளவேனிலில் சூடு ஏறத் துளிர்க்கும். யாழ்ப்பாணத்தில் குளிர்காலம் கிடையாது. விட்டால் கொடி வருடம் முழுவதும் இலையும் கொப்புமாக ஓடிக்கொண்டேயிருக்கும், காயாது. ஆகவே குளிர் செய்யவேண்டிய வேலையை அங்கே கத்தி செய்கிறது. கொப்பை வெட்டி, இலையை உருவிவிட்டால் புதுத் துளிரோடு பூ வரும். மூன்று நான்கு மாதத்தில் பழம். வெட்டும் நாளைக் கணக்குப் பார்த்து வருடத்தில் இரண்டு தரம் பழம் எடுப்பார்கள். வடகீழ்ப் பருவக்காற்று மழையில் பழம் அகப்பட்டால் பூஞ்சண நோய் வந்துவிடும் என்பதால் அந்தக் கணக்கு மிகவும் முக்கியம். பந்தல் போடுவதற்கும் காரணம் உண்டு. கொழுத்தும் வெயிலில் குலை கருகாமல் மேலேயுள்ள இலை நிழல் கொடுக்கும்.

இங்கே நேர்மாறு. வெயில் போதாது. அதனால் கொடியை நிலத்தோடு பதித்து வளர்க்கிறார்கள், கிடைக்கும் சூடெல்லாம் குலையில் படவேண்டும் என்று. லவோவில் மூன்று சூரியன் என்று சொல்வார்கள். ஒன்று வானத்தில் இருப்பது. இரண்டாவது வாவித் தண்ணீரில் பட்டுத் தெறித்து வரும் வெளிச்சம். மூன்றாவது கல் மதில்கள். பகலில் சூடேறிய கல், இரவில் அந்தச் சூட்டைக் கொடிக்குக் கொடுக்கும். இந்த மதில்களைத் தொடர்ந்து வைத்தால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வரும். 11ஆம் நூற்றாண்டளவில் துறவிகள் தொடக்கிவைத்த வேலை இது. 1977இல் இந்த மாநில மக்கள் வாக்களித்து, இங்கே வீடுகள் பெருகாமல் தடுத்தார்கள். 2007இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமை இடமாக ஏற்றது.

வாவி வெளிச்சம் மட்டும் தருவதில்லை. 310 மீற்றர் ஆழம் வரை போகும் இவ்வளவு தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். ஆகவே இலையுதிர்காலத்தில் கரையில் குளிர் பிந்தி வரும், பழம் ஆறுதலாகப் பழுக்கும். இளவேனிலில் உறைபனியின் கடுமையும் குறையும்.

அன்றைக்கு ஒரு தோட்டக்காரர் கொப்பு வெட்டிக்கொண்டிருந்தார். எங்களில் ஒருவருக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் பெரியப்பாவைப் பற்றிச் சொன்னோம். அவர் உடனே தன் கத்தரிக்கோலைப் பெரியப்பாவிடம் நீட்டினார். பெரியப்பா வாங்கினார். கையில் வைத்துப் பாரம் பார்த்தார். ஒரு கொப்பும் வெட்டாமல் திருப்பிக் கொடுத்தார்.

"எங்கட வெட்டு வேறை. இஞ்சத்தை வெட்டை முதல்ல பாக்கவேணும்" என்றார்.

இருபது வருடம் முந்திரிகை வெட்டியவர் அப்படிச் சொன்னது எங்களுக்கு அதிசயமாக இருந்தது. அந்தக் குளிரில் அரை மணித்தியாலம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். எத்தனை கண் விடுகிறார்கள், எந்தப் பக்கத்துக் கொப்பை வைக்கிறார்கள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் இவ்வளவு கதைத்து நாங்கள் கேட்டு எவ்வளவோ காலம்.

புரட்டாதி மாதக் கடைசியில் மறுபடியும் போனோம். இப்போது மலை முழுக்கப் பச்சையும் மஞ்சளும். குருவி கொத்தாமல் இருக்கப் பல இடங்களில் வலை போட்டிருந்தார்கள். பறிப்பவர்கள் பெட்டிகளோடு நின்றார்கள். அதே தோட்டக்காரர் பெரியப்பாவை அடையாளம் கண்டு ஒரு குலையைக் கொடுத்தார். சஸ்லா என்ற வெள்ளை முந்திரிகை. மெல்லிய தோல், மெல்லிய இனிப்பு. லவோவில் கூடுதலாக இருப்பது இந்த இனந்தான். இதில் வரும் வெள்ளை வைன் பாரமில்லாதது, வாசனையும் அடக்கமானது.

அங்கிருந்து ரெயில் ஏறி வாவிக்கரையால் வெவே, மொந்த்ரே தாண்டி வலே மாநிலத்துக்குப் போனோம். றோன் நதி மலைகளுக்கு நடுவிலே ஓடிவந்து வாவியில் விழுகிறது. அந்த நதியை எதிர்த்து மேலே போகும் பாதை இது. மார்த்தினி என்ற ஊரில் பள்ளத்தாக்குச் செங்கோணமாகத் திரும்பும். அதோடு காலநிலையும் திரும்பிவிடும்.

வாவிக்கரையில் வருடத்துக்கு 1100 மில்லிமீற்றருக்கு மேல் மழை. வலேயின் தலைநகரான சியோனில் ஏறத்தாழ 600 மில்லிமீற்றர்தான். வடக்கிலும் தெற்கிலும் 4000 மீற்றருக்கு மேற்பட்ட சிகரங்கள் நிற்கின்றன. மேகம் எந்தப் பக்கத்தால் வந்தாலும் மழையை மலைக்கு அப்பால் கொட்டிவிட்டுத்தான் வரும். தெற்கிலிருந்து மலையேறி இறங்கும் ஃபோன் என்ற காற்று சூடாகவும் வறட்சியாகவும் இருக்கும். ஈரம் குறைவென்பதால் பூஞ்சண நோயும் குறைவு. ஆனால் தண்ணீர்? பழைய காலத்தவர்கள் பனிமலையிலிருந்து உருகும் தண்ணீரை மலைச்சரிவு வழியாகப் பல கிலோமீற்றர் வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தார்கள். சில இடங்களில் செங்குத்தான பாறையில் மரத்தொட்டி கட்டித் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். பீஸ் என்று அவற்றைச் சொல்கிறார்கள். கிணற்றிலிருந்து துலாவால் இறைத்துத் தோட்டம் செய்த மக்களுக்கு அந்தப் பாடு விளங்கும். இப்போது அந்தப் பனிமலைகளே கரைகின்றன. 2022, 2023 ஆகிய இரண்டு வருடங்களில் மட்டும் சுவிஸ் பனிமலைகள் தம் பருமனில் பத்திலொரு பங்கை இழந்துவிட்டன.

சியோனிலும் அதே சஸ்லா இருக்கிறது. இங்கே அதற்குப் பெயர் ஃபொந்தான். பழம் இன்னும் இனிப்பு, வைன் இன்னும் திரண்டது. காரணம் எளிது. வெயிலும் சூடும் கூடினால் பழத்தில் சீனி ஏறும், புளிப்பு இறங்கும். அந்தச் சீனிதான் புளித்து மதுசாரமாக மாறுவது. ஆகவே சூடான இடத்து வைன் கடுமையாகவும், குளிரான இடத்து வைன் புளிப்பும் மென்மையுமாகவும் இருக்கும். இரவில் நன்றாகக் குளிர்ந்தால் புளிப்பும் வாசனையும் கெடாமல் நிற்கும். வலேயில் பகலும் இரவும் அப்படித்தான். சில தோட்டங்களில் பழத்தைப் பிந்திவரைக்கும் கொடியிலேயே விடுவார்கள். ஃபோன் காற்றில் அது சுருங்கி வற்றிப்போகும். அதில் இனிப்பு வைன் செய்கிறார்கள்.

ஆனால் மலையடியில் வாவியின் காவல் இல்லை. 2017 சித்திரை மாதத்தில் உறைபனி விழுந்து, துளிர்த்திருந்த கொடிகளைக் கருக்கியது. அப்படியான இரவுகளில் சில தோட்டங்களில் துளிரின் மேலே தண்ணீர் தெளிப்பார்கள். தண்ணீர் உறையும்போது வெளிவிடும் சூடு, பனிக்கட்டிக்குள்ளே இருக்கும் துளிரைக் காப்பாற்றும். பனியைப் பனியாலேயே தடுக்கிறார்கள்.

குடிக்கச் சொல்லி நாங்கள் இதை எழுதவில்லை. குடியால் எங்கள் குடும்பங்கள் பட்டது போதும். பழம் பறிக்கும் காலத்தில் புளிக்காத சாறும் விற்பார்கள். பிள்ளைகள் அதைத்தான் குடித்தார்கள். ஆனால் தொழிற்சாலையில் இடைவேளை நேரம் மற்றவர்கள் வைனைப் பற்றிக் கதைக்கும்போது நாங்கள் பேசாமல் இருந்திருக்கிறோம். இப்போது, "இது வாவிக்கரையா, மலையடியா?" என்று கேட்கிறோம். கேட்டால் போதும், அவர்களே கதை சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

நீங்களும் போய்வாருங்கள். ரெயிலுக்கு அரைக்கட்டண அட்டை எடுத்தால் செலவு குறையும். தோட்டங்களுக்கு நடுவிலே நடைபாதை உண்டு, எவரும் நடக்கலாம். பழத்தில் மட்டும் கை வைக்கவேண்டாம் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அது ஒருவருடைய ஒரு வருட உழைப்பு.

புறப்படும்போது தோட்டக்காரர், மாசியில் வெட்டுக்கு வரச்சொல்லிப் பெரியப்பாவிடம் சொல்லியிருந்தார். திரும்பி வரும்போது ரெயிலில் கேட்டோம், இந்த முறை கத்தரிக்கோலை வாங்குவீர்களா என்று.

"ஒரு பனி பாத்தாச்சு. இன்னொரு பனியும் பாத்திட்டு வெட்டுவம்" என்றார்.