வானம் பார்த்த புனித பூமி

உலகப் படத்தை விரித்துப் பாலஸ்தீனத்தைத் தேடுவோர் முதலில் வியப்பது அதன் சிறுமையைக் கண்டுதான். மத்திய தரைக் கடலின் கரையிலிருந்து ஜோர்தான் பள்ளத்தாக்கு வரை அதன் அகலம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். வடக்கே தாண் முதல் தெற்கே பெயெர்செபா வரை எனப் பழைய வேதம் எல்லை கூறும் நீளம் சுமார் 240 கிலோமீட்டர். பெரும் ஆறு இல்லை; பொன் விளையும் சுரங்கம் இல்லை. எனினும் இப்ராஹீம், லூத், இஸ்ஹாக், யஃகூப், தாவூத், சுலைமான், ஜகரிய்யா, யஹ்யா, ஈஸா (அலைஹிமுஸ் ஸலாம்) என நபிமார்களின் வரிசை இம்மண்ணோடு பின்னிக் கிடக்கிறது. மஸ்ஜிதுல் அக்ஸாவின் சுற்றுப்புறம் அருள்வளம் பெற்றது என்று திருமறையின் 17ஆம் அத்தியாயம் தொடக்கத்திலேயே அறிவிக்கிறது.

பரந்த பூமியில் இச்சிறு நிலம் தேர்ந்தெடுக்கப்பட்டதன் நோக்கம் என்ன? இறைவனின் நாட்டத்தை முழுவதும் அளந்தறிய மனிதனால் இயலாது. ஆனால் வானங்களையும் பூமியையும் உற்று நோக்கிச் சிந்திக்குமாறு அவனே நம்மை அழைக்கிறான். மலையும் மழையும் பாதையும் ஊற்றும் அவனுடைய அத்தாட்சிகளே. அவற்றை வைத்து இந்நிலத்தைச் சற்றே வாசித்துப் பார்ப்போம்.

ஒரு நிலத்தில் பல திணைகள்

யாஃபா கடற்கரையிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்படுவதாகக் கொள்வோம். முதலில் மணலும் மீனவர் படகும் கொண்ட நெய்தல். அடுத்து கோதுமையும் ஆரஞ்சும் விளையும் சமவெளி. பின்னர் தாழ்ந்த குன்றுகள். அவற்றைக் கடந்தால் படிப்படியாகக் கல்லடுக்கி ஒலிவமும் திராட்சையும் அத்தியும் பயிரிட்ட மலைநாடு. அம்மலைமுதுகின் மேல், கடல் மட்டத்திற்குச் சுமார் 750 மீட்டர் உயரத்தில், பைத்துல் முகத்தஸ் அமர்ந்திருக்கிறது.

நகருக்குக் கிழக்கே ஸைத்தூன் மலையைத் தாண்டியதும் காட்சி மாறிவிடுகிறது. மேற்கிலிருந்து வரும் மேகம் மலையின் அப்புறத்திலேயே பெய்து தீர்ந்துவிடுவதால், இப்புறம் பாலையாகக் கிடக்கிறது. ஒரு நாள் நடைத் தொலைவில் சுமார் 1000 மீட்டர் கீழிறங்கினால் எரிகோ என்னும் அரீஹா. அது கடல் மட்டத்திற்கும் கீழே உள்ள பேரீச்சஞ்சோலை. அதற்கும் கீழே சாக்கடல். அரபியர் அதனை லூத்துடைய கடல் என்றும் அழைப்பர். அதன் நீர்ப்பரப்பு கடல் மட்டத்திற்கு 430 மீட்டருக்கும் கீழே உள்ளது. பூமியின் தரைப்பரப்பில் இதனினும் தாழ்ந்த கரை வேறில்லை. அதன் உப்பு மற்றக் கடல்களைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு. வடக்கே நிமிர்ந்து பார்த்தால் ஹெர்மோன் மலை 2814 மீட்டர் உயரத்தில் பனி மூடி நிற்கும். அதன் அடிவாரத்து ஊற்றுகளே ஜோர்தான் ஆற்றின் பிறப்பிடம்.

பனியும் பாலையும், கடலும் வயலும் இவ்வளவு குறுகிய இடத்தில் நெருங்கி நிற்பது அரிது. இந்நிலத்தில் பேசப்பட்ட உவமைகளில் மீனவன், உழவன், இடையன், வணிகன் என அனைவரும் தம் வாழ்வைக் காண்கின்றனர். விதைப்பவனும் வலைவீசுபவனும் தொலைந்த ஆட்டைத் தேடுபவனும் இஞ்சீலின் உவமைகளில் வருவது இந்நில அமைப்பின் கொடையே. உலகெலாம் சென்று சேர வேண்டிய தூதுக்கு உலகின் சிறு வடிவமே பேச்சு மேடையாயிற்று எனலாம்.

ஆறு இல்லாத நாடு

இப்பகுதியின் இருபுறமும் பழம்பெரும் நாகரிகங்கள் இரண்டு இருந்தன. தென்மேற்கே நைல் நதியின் மிஸ்ர். வடகிழக்கே யூப்ரடீஸ், டைக்ரீஸ் நதிகளின் இராக். இரண்டும் ஆற்றால் வாழ்ந்தவை. ஆற்றைக் கால்வாய் வெட்டித் திருப்பலாம். மதகு வைத்து அடைக்கலாம். அதிகாரிகளை வைத்து அளக்கலாம். எனவே ஆற்றைக் கைக்கொண்ட அரசன் உணவைக் கைக்கொண்டான். உணவைக் கைக்கொண்டவன் தன்னையே கடவுள் என்றான். ஆறுகள் தன் ஆட்சியின் கீழ் ஓடுவதைச் சுட்டி ஃபிர்அவ்ன் தன் மக்களிடம் செருக்குடன் பேசியதைத் திருமறையின் 43ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது.

இரண்டிற்கும் நடுவே கிடந்த கன்ஆன் நாடோ, நம் உழவர் மொழியில் சொன்னால், வானம் பார்த்த பூமி. தவ்ராத்தின் ஐந்தாம் ஆகமத்தில் மூஸா (அலை) அவர்கள் தம் மக்களுக்கு இந்த வேறுபாட்டை வெளிப்படையாக விளக்குவதாக வருகிறது. நீங்கள் விட்டு வந்த மிஸ்ரின் நிலம் காலால் நீர் பாய்ச்சும் காய்கறித் தோட்டம்; நீங்கள் போகும் நிலமோ வானத்து மழையைக் குடிக்கும் மலைநாடு என்பது அதன் கருத்து.

பைத்துல் முகத்தஸில் ஆண்டுக்குச் சுமார் 550 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. லண்டன் நகரம் பெறும் மழைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் லண்டனில் ஆண்டு முழுதும் தூறுவது, இங்கே அக்டோபர் முதல் ஏப்ரல் வரை மட்டுமே பொழிகிறது. எஞ்சிய கோடையில் வானம் ஏறத்தாழ வறண்டே இருக்கும். முன்மாரி பெய்தால்தான் கோடையில் இறுகிய மண் கலப்பைக்கு இளகும். பின்மாரி பெய்தால்தான் கதிர் பால் பிடிக்கும். இரண்டில் ஒன்று தவறினும் பஞ்சமே. இப்ராஹீம் (அலை) அவர்கள் மிஸ்ருக்குச் சென்றதும் பஞ்சத்தால்தான் எனப் பழைய வேதம் கூறும். யஃகூப் (அலை) அவர்களின் மைந்தர்கள் தானியம் தேடி யூசுஃப் (அலை) அவர்களின் வாசலில் வந்து நின்றதை நாம் அனைவரும் அறிவோம்.

அருள்வளம் பெற்ற நிலத்தில் பஞ்சமா என்று கேட்கத் தோன்றும். ஆற்றங்கரை உழவன் மதகுக் காவலனைப் பார்ப்பான். மானாவாரி உழவன் வானத்தைப் பார்ப்பான். மேகத்தை எந்த மன்னனும் பூட்டி வைக்க இயலாது. ஆண்டுதோறும் இருமுறை இறைவன்பால் கையேந்த வைக்கும் நிலத்தைவிடப் பெரிய பாடசாலை நபிமார்களின் சமுதாயத்திற்கு வேறு எது? செழிப்பு மட்டுமே பரகத் அன்று. படைத்தவனை மறவாதிருக்கச் செய்யும் தேவையும் பரகத்தே.

நாற்சந்தியும் ஒற்றை ஊற்றும்

மேற்கே கடல், கிழக்கே பாலை. எனவே ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் வணிகனும் படைத்தலைவனும் இக்குறுகிய நிலத்தின் வழியேதான் நடந்தாக வேண்டும். காஸாவில் தொடங்கிக் கடலோரமாக ஏறி, மெகித்தோ கணவாயைக் கடந்து, திமஷ்க் நோக்கிச் சென்றது ஒரு பெருவழி. மிஸ்ரின் மூன்றாம் துத்மோஸ் கி.மு. 15ஆம் நூற்றாண்டில் போரிட்ட மெகித்தோவின் அருகிலேயே 1918இல் ஆங்கிலேயத் தளபதி ஆலன்பியும் துருக்கியப் படையை வென்றார். மூவாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பாதை மாறவில்லை.

குறைஷியரின் கோடைக்காலப் பயணமும் ஷாம் நாட்டை நோக்கியதே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பாட்டனாரின் தந்தை ஹாஷிம் அவர்கள் அத்தகைய பயணத்தில் காஸாவில் மறைந்தார்; அதனால் அந்நகருக்கு ஹாஷிமின் காஸா என்றே பெயர் உண்டு. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 150இல், அதாவது கி.பி. 767இல், அந்நகரில் பிறந்ததாகவே வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் எழுதுகின்றனர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஷாஃபிஈ மத்ஹபின்படி தொழும் குடும்பங்களுக்குக் காஸா தொலைதூரத்து ஊரன்று.

நாடு நாற்சந்தியில் இருக்க, புனித நகரமோ பெருவழியிலிருந்து ஒதுங்கி மலைமேல் இருக்கிறது. அங்கே ஆறில்லை, துறைமுகமில்லை. பண்டைய நகருக்கு வற்றாத ஊற்று ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் கீகோன். கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் அசீரியப் படையெடுப்பை அஞ்சிய எசேக்கியா மன்னரின் காலத்தில் அந்நீரை மதிலுக்குள் கொண்டுவரப் பாறையைக் குடைந்து 533 மீட்டர் நீளச் சுரங்கம் அமைத்தனர். இருபுறமிருந்தும் குடைந்து வந்தோர் நடுவில் சந்தித்ததைக் கூறும் கல்வெட்டு 1880இல் கண்டெடுக்கப்பட்டு, இன்று இஸ்தான்பூல் அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்நீர் சென்று சேரும் ஸில்வான் குளத்தை இன்றும் காணலாம்.

புனித மக்காவையும் இங்கே நினைவுகூர்க. பயிர் விளையாத பள்ளத்தாக்கு அது. அங்கும் ஓர் ஊற்று, ஸம்ஸம். தன் வளத்தால் பெருமை கொள்ள எதுவும் இல்லாத இடங்களையே இறைவன் தன் இல்லங்களுக்குத் தேர்ந்திருக்கிறான். பெருவழி அருகில் இருப்பதால் செய்தி உலகுக்குப் பரவும். ஊர் எளியதாக இருப்பதால் அதன் சிறப்பு இறைவனுக்கே உரியதாகும்.

உரிமையா, பொறுப்பா?

தேர்ந்தெடுக்கப்பட்ட நிலம் என்றால், அது யாருக்கேனும் நிபந்தனையின்றி எழுதிக் கொடுக்கப்பட்ட சொத்தா? இன்று குருதி சிந்தச் செய்யும் கேள்வி இதுவே. வேதங்களின் விடை தெளிவானது.

இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் துணைவியார் சாரா (அலை) மறைந்தபோது, அல்கலீல் எனப்படும் ஹெப்ரோனில் அடக்கம் செய்ய இடம் வேண்டினார்கள். நிலத்துக்குரியவர் இலவசமாகத் தருவதாகக் கூறியும் ஏற்காது, 400 வெள்ளி நாணய எடையை நிறுத்துக் கொடுத்துக் குகையையும் நிலத்தையும் வாங்கியதாகத் தவ்ராத்தின் முதல் ஆகமம் கூறுகிறது. வாக்களிப்புப் பெற்றவரே அங்கு வாழ்ந்தோரின் உரிமையை மதித்து விலை கொடுத்தார்! நிலம் இறைவனுடையது, மக்கள் அதில் வழிப்போக்கர் என்பது அதே தவ்ராத்தின் மூன்றாம் ஆகமத்தின் கருத்து. இப்ராஹீமையும் லூத்தையும் காப்பாற்றிச் சேர்த்த அந்நிலம் அகிலத்தார் அனைவருக்கும் பரகத் செய்யப்பட்டது என்று திருமறையின் 21ஆம் அத்தியாயம் உரைக்கிறது.

புனித பூமியில் நுழையுமாறு மூஸா (அலை) அவர்கள் தம் சமூகத்தை அழைத்தார்கள், அவர்கள் மறுத்தனர், 40 ஆண்டுகள் அது அவர்களுக்குத் தடுக்கப்பட்டது. வாக்களிப்பு நிபந்தனையற்றதாயின் இத்தடை எவ்வாறு வந்திருக்கும்? அவர்களை வழிநடத்திய மூஸா (அலை) அவர்களே நெபோ மலையிலிருந்து பள்ளத்தாக்கைக் கண்ணால் கண்டு, உள்ளே செல்லாமலே மறைந்ததாகப் பழைய வேதம் கூறும். அல்லாஹ்விடம் அவர்களுடைய மதிப்பு அதனால் அணுவளவும் குறையவில்லை. நிலத்தை அடைவது வேறு. இறைவனை அடைவது வேறு.

இவ்வளவுகோல் நமக்கும் பொருந்தும். கி.பி. 638 அளவில் நகரின் பொறுப்பேற்ற உமர் (ரலி) அவர்கள் கிறிஸ்தவர்களின் உயிருக்கும் ஆலயங்களுக்கும் காவல் அளித்தார்கள். பெரிய ஆலயத்தினுள் தொழுதால் பின்வருவோர் அதனைப் பள்ளிவாசலாக்கிவிடுவர் என்றெண்ணி வெளியே தொழுததாக வரலாறு கூறும். அந்நெறி தளர்ந்து முஸ்லிம் அரசுகள் தமக்குள் மோதிய காலத்தில், 1099இல் சிலுவைப் போராளிகள் நகரைக் கைப்பற்றி முஸ்லிம்களையும் யூதர்களையும் கொன்று குவித்தனர். 1187இல் அதனை மீட்ட ஸலாஹுத்தீன் அவ்வாறு பழிதீர்க்கவில்லை. நகரைக் காத்தவர் யார், கெடுத்தவர் யார் என்பதை வம்சத்தைக் கொண்டு அளக்க முடியாது. நீதியைக் கொண்டே அளக்க முடியும்.

இப்ராஹீம் (அலை) அவர்கள் விலை கொடுத்து வாங்கிய அதே அடக்கத்தலத்தில், 1994 பிப்ரவரியில், ரமளான் அதிகாலைத் தொழுகையில் நின்ற 29 பேரை யூதக் குடியேறி ஒருவன் சுட்டுக் கொன்றான். 2023 அக்டோபரில் மூண்ட போரில் ஹாஷிமின் காஸா இடிபாடாயிற்று. பல்லாயிரம் உயிர்கள் மாண்டன. இஸ்ரேலியப் பொதுமக்களும் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். ஜோர்தான் ஆற்றின் நீரைப் பல நாடுகளும் மடைமாற்றிக் கொண்டதால் சாக்கடல் ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்து வருகிறது. அமானிதமாக அளிக்கப்பட்டதை உடைமை என்று எண்ணியதன் விளைவுகள் இவை.

அன்பார்ந்த வாசகர்களே! நம் பிள்ளைகளுக்கு பைத்துல் முகத்தஸின் சிறப்பைச் சொல்லும்போது, முதல் கிப்லா என்பதோடும் மிஃராஜின் படிக்கட்டு என்பதோடும் நிறுத்திவிடாதீர்கள். ஒரு படத்தை விரித்து, அந்நிலம் எவ்வளவு சிறியது, எவ்வளவு தாகமுள்ளது, எத்தனை சமுதாயங்களை ஏற்றும் வெளியேற்றியும் வந்துள்ளது என்பதையும் காட்டுங்கள். எங்கு வாழினும் நம் காலடி நிலமும் அமானிதமே. அண்டை வீட்டாரின் உரிமையும் அதில் அடக்கம். அம்மண்ணில் நீதியோடு கூடிய அமைதியை வல்ல நாயன் விரைவில் அருள்வானாக! ஆமீன்.