டோட்டோரோவுக்கு ஒன்பதாவது இடமா?

சண்டை ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் முடிந்த பிறகு. காரணம் மாமியாரும் இல்லை, மாதக் கடைசியும் இல்லை. ஜப்பானிய அனிமேஷன் படங்கள்.

மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். முந்தைய வாரம்தான் தோழிகளோடு போய் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்' படத்தைத் தியேட்டரில் தமிழில் பார்த்துவிட்டு வந்திருந்தாள். "உலகத்துலயே பெஸ்ட் அனிமே படம் இதுதான்" என்று அவள் அறிவித்ததும் அப்பாவும் அம்மாவும் சேர்ந்தே சிரித்தார்கள். "அப்போ உங்க பெஸ்ட் எது?" என்று அவள் கேட்டாள். ஒரே நேரத்தில் இரண்டு வாயிலிருந்து இரண்டு பெயர்கள் வந்தன. சிரிப்பு நின்றுவிட்டது.

விதிமுறைகளை மகளே வகுத்தாள். தினசரி காலண்டரிலிருந்து கிழித்துவைத்த பழைய தாள், ஆளுக்கு ஒன்று. ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது. பத்துப் படங்கள். முதல் இடத்துக்கு 10 மதிப்பெண், இரண்டாவதுக்கு 9, இப்படியே பத்தாவதுக்கு 1. இரண்டு பட்டியலையும் கூட்டினால் வருவது 'வீட்டுப் பட்டியல்'. எழுதிக் கொடுத்த பிறகு மாற்றக் கூடாது.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. எழுத உட்கார்ந்தால்தான் தெரியும். ஐந்து பெயர்கள் தானாக வந்து விழும். ஆறாவதில் பேனா நின்றுவிடும். நல்ல படத்தை மேலே போடுவதா, பிடித்த படத்தை மேலே போடுவதா? இரண்டும் ஒன்றல்ல. கணவர் 'நல்ல படம்' என்ற பக்கம் நின்றார், மனைவி 'பிடித்த படம்' என்ற பக்கம். இதை அவர்கள் முன்கூட்டியே பேசிக்கொள்ளவில்லை. பிறகு வந்த வினையெல்லாம் அதனால்தான்.

கணவரின் தாளில் முதலிடம் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்'. அடுத்து 'பிரின்சஸ் மோனோநோகே', 'ஸ்பிரிட்டட் அவே', மகள் பார்க்க இன்னும் அனுமதி கிடைக்காத 'அகிரா'. ஐந்தாவது, சதோஷி கோனின் 'மில்லெனியம் ஆக்ட்ரஸ்'. கோன் நாலே நாலு சினிமா எடுத்துவிட்டு 2010-ல், 46 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டவர். அவருக்கு ஓர் இடமாவது கொடுக்காவிட்டால் பாவம் என்பது கணவரின் கட்சி. பிறகு 'யுவர் நேம்', 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்', 'ஹவுல்ஸ் மூவிங் கேஸில்'. ஒன்பதாவதாக 'மை நெய்பர் டோட்டோரோ'. பத்தாவது 'தி விண்ட் ரைசஸ்'.

மனைவியின் தாளில் முதலிடமே டோட்டோரோ. இரண்டாவது 'ஒன்லி யெஸ்டர்டே'.

"இதுல என்னம்மா நடக்குது? ஒரு குடும்பம் உட்கார்ந்து அன்னாசிப்பழம் சாப்பிடுது" என்றாள் மகள்.

நியாயமான குற்றச்சாட்டு. 1991-ல் வந்த அந்தப் படத்தில் அப்படி ஒரு காட்சி உண்டு. 1966-ல் ஒரு டோக்கியோ குடும்பம் முதன்முறையாக முழு அன்னாசிப்பழம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவருகிறது. எப்படி வெட்டுவது என்றே யாருக்கும் தெரியவில்லை. ஒருவழியாக வெட்டிச் சாப்பிட்டால், நினைத்த அளவுக்கு இனிப்பும் இல்லை. எல்லோரும் ஒதுக்கிவிட, பத்து வயதுச் சிறுமி மட்டும் விடாப்பிடியாகத் தின்றுகொண்டே இருக்கிறாள். அவ்வளவுதான் காட்சி. ஏமாற்றத்தை வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது என்று ஒரு குழந்தை மென்று விழுங்குவதை அதைவிட நன்றாக யாரும் எடுத்துவிட முடியாது.

மனைவியின் மூன்றாவது, 'ஸ்பிரிட்டட் அவே'. நான்காவது கிகி. பிறகு 'வோல்ஃப் சில்ட்ரன்', 'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்', 'பிரின்சஸ் ககுயா', 'யுவர் நேம்', 'பொன்யோ'. பத்தாவதாக, போனால் போகிறது என்று மோனோநோகே. கணவரின் நம்பர் ஒன் எங்கேயும் இல்லை.

மகள் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவை வாசித்தாள். முதலிடம் 'ஸ்பிரிட்டட் அவே', 16 மதிப்பெண். இரண்டு பேருக்குமே மூன்றாவதாக இருந்த படம் வீட்டுக்கே முதல் படமாகிவிட்டது. டோட்டோரோ 12, கிகி 11. ஃபயர்ஃப்ளைஸும் மோனோநோகேவும் ஆளுக்கு 10.

'ஸ்பிரிட்டட் அவே' பற்றி யாருக்கும் புகார் இல்லை. 2002-ல் பெர்லினில் தங்கக் கரடி, 2003-ல் ஆஸ்கர் என்று வாங்கிய படம். ஜப்பானின் வசூல் பட்டியலில் 2020 வரை முதலிடத்தில் இருந்த படம். "அதை முந்தினது யாரு தெரியுமா? 'டீமன் ஸ்லேயர்: மூகன் டிரெய்ன்'!" என்று மகள் தன் கட்சியின் கொடியை ஏற்றினாள். அதை யாரும் கவனிக்கவில்லை. மனைவி கணவரின் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டோட்டோரோவுக்கு ஒன்பதாவது இடமா?"

"நல்ல படம்தான், யார் இல்லைன்னா? ஆனா ஃபயர்ஃப்ளைஸை நீ லிஸ்ட்லயே சேர்க்கலையே!"

கணவருக்கும் அந்தப் படத்துக்கும் உறவு பழையது. கல்லூரி விடுதியில் இருந்தபோது பர்மா பஜாரில் வாங்கிய டிவிடி. அட்டையில் இருந்த குழந்தையைப் பார்த்துவிட்டு ஏதோ சிரிப்புப் படம் என்று நினைத்து நாலு பேராகப் பார்க்க உட்கார்ந்தார்கள். 1945, கோபே நகரம், குண்டுவீச்சு. 14 வயது செய்தா, அவன் தங்கை நான்கு வயது செட்சுகோ. அம்மா தீக்காயத்தில் இறந்துபோகிறாள். உறவுக்காரர் வீட்டில் ஒட்டாமல், பிள்ளைகள் இருவரும் ஒரு குளக்கரைப் பதுங்குகுழியில் குடித்தனம் நடத்துகிறார்கள். தகர டப்பாவில் சில மிட்டாய்கள். பிறகு அதுவும் இல்லை. படம் முடிந்தபோது நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தனித்தனியாக மெஸ்ஸுக்குப் போனார்கள். கதையை எழுதிய அகியுகி நொசாகா, அந்தப் போர்க்காலத்தில் தன் வளர்ப்புத் தங்கையைப் பசிக்குப் பறிகொடுத்தவர் என்று கணவர் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டார்.

2020-ல் கிப்லி ஸ்டுடியோவின் படங்கள் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று மூன்று தவணையாக நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தபோது இந்தப் படம் மட்டும் அவற்றோடு வரவில்லை. 2024 செப்டம்பரில் வந்தது. வந்த வாரமே கணவர் வீட்டில் போட்டார். உடம்பெல்லாம் கட்டுப் போட்டு அம்மா கிடக்கும் காட்சி வந்ததும் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய், கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். இளகிய மனசு என்று கணவர் நினைத்துக்கொண்டார்.

"பாதியில எழுந்து போயிட்டு, படம் சரியில்லைன்னு சொன்னா எப்படி?" என்றார் இப்போது.

"சரியில்லைன்னு சொல்லலை. ரொம்ப நல்ல படம். அதான் வேண்டாம்னு சொல்றேன். நீங்க டோட்டோரோவைச் சொல்லுங்க. ஏன் ஒன்பது?"

"அதுல என்ன கதை இருக்கு? ரெண்டு பொண்ணுங்க, ஒரு பெரிய பூதம், பூனை பஸ். அந்த அம்மா ஆஸ்பத்திரியில இருக்கா. அவளுக்குக் குணமாச்சா, வீட்டுக்கு வந்தாளான்னுகூடச் சொல்லாம படத்தை முடிச்சிடறாங்க."

"சொல்லியிருக்காங்க. நீங்கதான் பார்க்கலை."

உண்மை. ஊரடங்குக் காலத்தில் மனைவியும் மகளும் டோட்டோரோ பார்த்தபோது கணவர் பக்கத்து அறையில் ஆபீஸ் காலில் இருந்தார். நடுநடுவே எட்டிப் பார்த்ததோடு சரி. அப்புறம் ஒருமுறை பார்த்தபோதும், கடைசியில் பெயர்கள் ஓட ஆரம்பித்ததுமே வழக்கம்போல ரிமோட்டை எடுத்துவிட்டார். அந்தப் பெயர்களுக்குப் பின்னால்தான் சின்னச் சின்னப் படங்களாக மீதிக் கதை இருக்கிறது. கார் வந்து நிற்கிறது. அம்மா வீட்டுக்கு வந்துவிடுகிறாள். பிள்ளைகளோடு குளிக்கிறாள், படுக்கையில் கதை படித்துக் காட்டுகிறாள்.

மகள் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "ரெண்டு பேருக்கும் ஒண்ணு தெரியுமா? உங்க ரெண்டு நம்பர் ஒன்னும் ஒரே நாள்ல ரிலீஸ். 1988 ஏப்ரல் 16. ரெண்டையும் சேர்த்து ஒரே ஷோவாப் போட்டிருக்காங்க. அப்பா, அம்மாவோட நம்பர் டூவும் உன் நம்பர் ஒன்னும் ஒரே டைரக்டர்."

இசாவோ தகாஹாதா. அன்னாசிப்பழக் காட்சியை எடுத்தவரும் அவர்தான், மிட்டாய் டப்பா காட்சியை எடுத்தவரும் அவர்தான். கணவருக்கு இது தெரியாது. டோட்டோரோவை எடுத்த ஹயாவோ மியாசாகி அவருக்கு இளையவர், பல ஆண்டு சகா. இரண்டு நண்பர்கள், ஒரே நாளில், ஒரே திரையில் இரண்டு படங்கள். இரண்டிலும் நான்கு வயதுத் தங்கை. இரண்டிலும் அம்மா பக்கத்தில் இல்லாமல் அந்தத் தங்கையைச் சுமக்கும் மூத்த பிள்ளை. ஒன்றில் அம்மா செத்துப்போகிறாள். இன்னொன்றில் கார் வந்து நிற்கிறது.

"எனக்குப் பதினொண்ணு, தம்பிக்கு நாலு" என்றார் மனைவி.

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"1994. அம்மாவுக்கு டிபி. நாலு மாசம் தாம்பரம் சானடோரியத்துல இருந்தாங்க."

கணவர் மாமியாரை 'அத்தை' என்றுதான் கூப்பிடுவார். அத்தைக்குச் சளித் தொந்தரவு அதிகம் என்று கல்யாணத்தின்போது யாரோ சொன்ன ஞாபகம் அவருக்கு உண்டு. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

மனைவி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா இரண்டு பிள்ளைகளையும் சைதாப்பேட்டையில் மின்சார ரயில் ஏற்றி, சானடோரியம் ஸ்டேஷனில் இறக்கிக் கூட்டிப்போவார். பிள்ளைகளை உள்ளே கூட்டிப்போக மாட்டார். ஒரு வேப்பமரத்தடியில் நிற்கவைத்துவிட்டு அவர் மட்டும் போவார். தூரத்து வராந்தாவில் அம்மா வந்து நின்று கையை ஆட்டுவாள். தம்பி மரத்தடியில் வேப்பம்பழம் பொறுக்குவதிலேயே மும்முரமாக இருப்பான். 'அம்மாவைப் பாருடா, பாருடா' என்று அவன் தலையைத் திருப்பிவிடுவது அக்காவின் வேலை. வார நாட்களில் தம்பிக்குத் தலை சீவுவது, பால்வாடியில் விடுவது, சாயங்காலம் கூட்டி வருவது எல்லாமே அவர்தான். தெருவில் யார் கேட்டாலும், அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

டோட்டோரோவில் மூத்தவள் சத்சுகி, காலையில் எழுந்து எல்லோருக்கும் சாப்பாடு கட்டுவாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அம்மா அவள் தலையை வாரிவிடுவாள். படம் முழுக்கப் பெரிய மனுஷியாக இருந்தவள், அம்மா வீட்டுக்கு வருவது தள்ளிப்போகிறது என்றதும், பக்கத்து வீட்டுப் பாட்டி முன்னால் ஒரே ஒருமுறை உடைந்து அழுவாள். கடைசியில் அக்காவும் தங்கையும் ஒரு மரக்கிளையில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக அம்மா சிரிப்பதைப் பார்ப்பார்கள். உள்ளே போக மாட்டார்கள். ஒரு மக்காச்சோளத்தை மட்டும் ஜன்னலில் வைத்துவிட்டு வருவார்கள்.

"அந்த மரம் வந்ததும் எனக்கு மூச்சே நின்னுடுச்சு. நீங்க உள்ள கால்ல இருந்தீங்க."

அந்த அம்மாவுக்கு என்ன நோய் என்று படத்தில் சொல்லவே மாட்டார்கள். மியாசாகியின் தாயார் முதுகெலும்புக் காசநோயால் பல ஆண்டுகள் படுக்கையில் இருந்தவர். சைதாப்பேட்டை வீட்டிலும் அந்தப் பெயர் சொல்லப்படவில்லை. பெண்ணுக்கு வரன் பார்க்கும் நாள் வரும், அதனால் பேசாதே என்று ஒரு பெரியம்மா வாயைக் கட்டினார்.

"பதினேழு வருஷம் ஆச்சு. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?" என்றார் கணவர்.

"சொல்லாதேன்னுதான் சொன்னாங்க. அப்புறம் சொல்லலாம்னு யாரும் சொல்லலை."

"பாட்டிக்கு டிபியா?" மகளின் குரல் இறங்கிவிட்டது.

"இருந்துச்சு. மாத்திரையை ஒழுங்கா முடிச்சாங்க, போயிடுச்சு. இப்போ உன்னைவிட வேகமா நடக்கிறாங்க."

சிறிது நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கணவர் எழுந்து போய், கேட்காமலேயே மூன்று பேருக்கும் காபி போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை கொஞ்சம் அதிகம்.

அன்று இரவு டோட்டோரோவைப் போட்டார்கள். கணவர் போனை சார்ஜரில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். சத்சுகி சாப்பாடு கட்டும்போது மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மனைவி திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மரக்கிளை வந்து போனது. பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் கணவரின் கை பழக்கத்தில் ரிமோட்டைத் தேடியது. மகள் அதை முதலிலேயே தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

கார் வந்து நின்றது.

"எங்க அம்மா ஆட்டோவுல வந்தாங்க" என்றார் மனைவி. "தம்பிக்கு அடையாளமே தெரியலை. கதவுக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டான். ராத்திரி சாப்பாடு வரைக்கும் கிட்டயே வரலை."

"மாமாவா?" என்று சிரித்தாள் மகள். கோயம்புத்தூரில் வழுக்கைத் தலையோடு இரண்டு பிள்ளைகளுக்கு அப்பாவாக இருக்கும் மாமாவை அப்படி நினைத்துப் பார்க்க அவளுக்கு முடியவில்லை.

கணவர் காலண்டர் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். "டோட்டோரோவை மேலே ஏத்தணும். திரும்பக் கூட்டு."

"ரூல்ஸ் ரூல்ஸ்தான்பா. எழுதினா மாத்தக் கூடாது."

"ஃபயர்ஃப்ளைஸை மறுபடி போட்டா பார்ப்பியா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"மாட்டேன்."

அந்த இரண்டு தாள்களும் இப்போது ஃபிரிட்ஜ் கதவில், காந்தப் பொம்மைக்கு அடியில் இருக்கின்றன. மதிப்பெண் எதுவும் மாறவில்லை. கணவரின் தாளில் ஒன்பதாம் எண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலில் சின்னதாக எழுதியிருக்கிறது: 'பாதிதான் பார்த்திருந்தேன்.'