தஸ்ராக்: கதைக்குள் குடிபோன கிராமம்

பாலக்காடு நகரை விட்டு வெளியேறி கிணாசேரிப் பக்கம் திரும்பினால் வயல்களுக்கு நடுவே வருகிறது தஸ்ராக். நெல், குளம், பள்ளிவாசல், கணவாய்க் காற்றில் சலசலக்கும் பனைகள். இந்த வட்டாரத்தில் எந்தக் கிராமத்திலும் காணக்கூடியவைதான். ஆனால் இங்கே வந்து இறங்குபவர்கள் தேடுவது தஸ்ராக்கை அல்ல, கசாக்கை. ஓ.வி.விஜயன் எழுதிய ‘கசாக்கின் இதிகாசம்’ நாவலில் மட்டுமே இருக்கும் ஊர் அது.

விஜயன் இங்கே வந்தது 1956இல். அவரது சகோதரிக்கு இந்த ஊரின் ஓராசிரியர் பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்து, கல்லூரி ஆசிரியராக வேலை பார்த்து, அந்த வேலையையும் இழந்திருந்த 26 வயது இளைஞர் சகோதரியோடு வந்து தங்கினார். அப்போது அவர் தீவிர இடதுசாரி. விவசாயிகள் எழுச்சியை வைத்து ஏற்கெனவே கதைகள் எழுதியிருந்தவருக்கு, தஸ்ராக் ஒரு புரட்சி நாவலுக்கான கச்சாப் பொருளாகத்தான் தெரிந்தது. படித்தவன் ஒருவன் வருவான், பின்தங்கிய கிராமம் விழித்துக்கொள்ளும். முடிவு முதலிலேயே தயார்.

அந்த நாவல் எழுதப்படவில்லை. காரணம், பாலக்காட்டிலிருந்து பல ஆயிரம் மைல் தள்ளி நடந்த ஒரு சம்பவம். 1958 ஜூனில் ஹங்கேரியின் முன்னாள் பிரதமர் இம்ரே நாகி தூக்கிலிடப்பட்டார். விஜயனின் நம்பிக்கை உடைந்தது. அதோடு தயாராக இருந்த முடிவும் உடைந்தது. கையில் மிஞ்சியது வெறும் கிராமம்தான். அதன் மனிதர்கள், வதந்திகள், பயங்கள்.

நல்ல நாவல் பிறந்தது அந்த மிச்சத்திலிருந்துதான். அதற்கு 12 ஆண்டுகள் பிடித்தன. இதற்கிடையே டெல்லிக்குப் போய் ‘சங்கர்ஸ் வீக்லி’யில் கார்ட்டூனிஸ்ட் ஆகிவிட்டார் விஜயன். 1968இல் ‘மாத்ருபூமி’ வார இதழில் தொடராக வந்து, 1969இல் புத்தகமான பிரதியில் பழைய திட்டம் தலைகீழாகியிருந்தது. பள்ளிக்கூட ஆசிரியை இருந்த இடத்தில் ரவி என்ற இளைஞன். ஊரைத் திருத்த வந்தவனல்ல. தன் குற்ற உணர்விலிருந்து தப்பி ஓடி வந்தவன். அவன் கசாக்கை மாற்றவில்லை. கசாக்தான் அவனை மாற்றுகிறது. மொல்லாக்காவும் அப்புக்கிளியும் மைமுனாவும் அவனுக்கு மாணவர்களாக நிற்காமல் தங்கள் கதைகளோடு நடமாடுகிறார்கள்.

மொழியிலும் இதே துணிச்சல்தான். தமிழ் கலந்து பேசும் ராவுத்தர்களின் வட்டார வழக்கு, தத்துவக் கனமுள்ள உரைநடைக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தது. பார்த்த ஊரை அப்படியே பிரதி எடுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியது ஒரு வட்டாரக் குறிப்பேடு. விஜயன் பெயரை மாற்றினார், தொன்மங்களைச் சேர்த்தார், குதிரைப் படையோடு வந்த ஷேக் ஒருவரை ஊருக்குக் காவல் வைத்தார். மலையாள நாவலை ‘கசாக்குக்கு முன், பின்’ என்று விமர்சகர்கள் பிரித்துப் பேசும் அளவுக்கு அது போயிற்று.

1994இல் விஜயனே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனபோது, நாவல் கணிசமாக மாறியது. எழுதி முடித்ததாக அவர் அப்போதும் நினைக்கவில்லை போலும். தமிழில் யூமா வாசுகி செய்த மொழிபெயர்ப்புக்கு 2017ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. மலையாளத்தில் தமிழ் வாடை வீசும் பேச்சைத் தமிழிலேயே எப்படி வேறுபடுத்திக் காட்டுவது? கேரள வாசகருக்கு விநோதமாக ஒலிப்பது தமிழருக்குச் சொந்த வீட்டுக் குரல் அல்லவா!

2005இல் விஜயன் மறைந்தார். நாவலில் ரவி குடியிருந்த ‘ஞாற்றுப்புரை’ இன்று நினைவகத்தின் ஒரு பகுதி. கார்ட்டூன்களும் புகைப்படங்களும் இருக்கின்றன. வெளியே பாத்திரங்கள் கருங்கல் சிற்பங்களாக நிற்கிறார்கள். எந்த மனிதரைப் பார்த்து எந்தப் பாத்திரம் வந்தது என்று விசாரிக்காத வாசகர் குறைவு. ஊருக்கு இது பெருமை, கொஞ்சம் சுமையும்கூட. கற்பனையோடு ஒப்பிடப்படாமல் இனி அதனால் சாதாரணமாக வாழ முடியாது.

நோட்டுப் புத்தகத்தோடு கிராமம் தேடிப் புறப்படும் இளம் எழுத்தாளர்களுக்கு தஸ்ராக் சொல்லும் செய்தி அத்தனை இனிப்பானதல்ல. விஜயன் இங்கே தங்கியது கொஞ்ச காலம்தான். தான் சொல்ல வந்ததை மறந்து, ஊர் சொல்வதைக் கேட்கத்தான் அவருக்கு 12 வருஷம் ஆயிற்று.