பத்தாம் நாள் மாத்திரை

நகைச்சுவை எழுதிப் பிழைக்கிறவனுக்கு நாலு மாதமாகச் சிரிப்பே வரவில்லை என்றால் அதுவே ஒரு ஜோக்தான். அதைக்கூட என்னால் எழுத முடியவில்லை. விடியற்காலை மூணு மணிக்கு முழிப்பு. அப்புறம் வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சாப்பாட்டில் ருசி தெரியவில்லை. 'சோம்பேறித்தனம்' என்றார் மாமனார். 'திருஷ்டி' என்றாள் அம்மா. மனைவி மட்டும் ஒன்றும் சொல்லாமல் மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

ஃப்ளுவாக்ஸெட்டின் என்று எழுதிக் கொடுத்தார். தலைவலி மாத்திரை மாதிரி அரை மணியில் கேட்கும் என்று நினைத்தேன். பத்து நாள் ஆயிற்று. வயிற்றைப் புரட்டியதுதான் மிச்சம். மாத்திரை அட்டையைக் கொண்டுபோய் டாக்டர் மேஜைமேல் வைத்தேன்.

"நீங்க என்ன ஸார் படிச்சிருக்கீங்க?"

"பி.காம்."

"அப்ப சுலபமாப் புரியும்!"

மூளையில் ஒரு செல் பக்கத்து செல்லுக்குச் சேதி சொல்ல, நடுவிலிருக்கும் இடைவெளியில் செரட்டோனினைக் கொட்டுகிறது. வேலை முடிந்ததும் கொட்டிய செல்லே அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. அசல் சேல்ஸ் ரிட்டர்ன்! இழுக்கிற புரதத்துக்கு டிரான்ஸ்போர்ட்டர் என்று பெயர். என் மாத்திரை அந்த டிரான்ஸ்போர்ட்டரை அடைத்துக்கொள்கிறது. சரக்கு கொஞ்சம் கூடுதல் நேரம் வெளியில் தங்குகிறது.

செல்கள் இப்படித் திரும்ப எடுத்துக்கொள்வதை நார்அட்ரினலினில் கண்டுபிடித்தவர் ஜூலியஸ் ஆக்ஸல்ராட் என்ற அமெரிக்கர். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் லேப் உதவியாளராக இருந்தவர். நாற்பது தாண்டி 1955-ல் பிஎச்.டி., 1970-ல் நோபல் பரிசில் பங்கு. முப்பத்தாறு வயசுக்காரனுக்கு இதுவே பாதி மருந்து.

"அடைச்சாச்சுன்னா அன்னிக்கே குணமாக வேண்டியதுதானே டாக்டர்?"

"செல் சும்மா பார்த்துண்டிருக்குமா?"

டிரான்ஸ்போர்ட்டர் சுவரில் அடித்த ஆணி இல்லை. செல் அதை வெளிப்பரப்புக்கு அனுப்பும். வேண்டாமென்றால் உள்ளே இழுத்துக்கொள்ளும். ராமமூர்த்தி, பிளேக்லி என்ற இருவர் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் இதைப் பார்த்து, 1999-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். செரட்டோனின் உள்ளே போய்க்கொண்டிருக்கும்வரை டிரான்ஸ்போர்ட்டர் வாசலில் நிற்கிறது. கொகெய்னோ மனச்சோர்வு மருந்தோ குறுக்கே வந்து அடைத்தால் அந்தப் பிடிமானம் போய்விடுகிறது. டிரான்ஸ்போர்ட்டர் உள்ளே இழுக்கப்பட வழி பிறக்கிறது. கவுண்டரில் ஆள் நின்றால் குமாஸ்தா சீட்டில் இருப்பார். ஆள் வராவிட்டால் டீ குடிக்கப் போய்விடுவார். உங்கள் ஆபீஸிலும் அப்படித்தானே?

"கொகெய்னும் இதே வேலைதான் பண்றதா?" எனக்குப் பகீரென்றது.

"அது டோபமின் வாசலையும் சேர்த்து, நிமிஷத்துல, ஒரேயடியா அடைக்கும். அதனாலதான் போதை. இது நிதானமான ஆசாமி."

வாசல் மட்டுமல்ல, செரட்டோனினை உணரும் ரிசப்டர்களும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகின்றன. மாத்திரை அடைப்பது சில மணி நேரத்தில். மூளை தன்னைச் சரிசெய்துகொள்வது வாரக்கணக்கில்.

"புது மேனேஜர் வந்தா ஆபீஸ் மறுநாளே திருந்திடுமா? இன்னும் நாலு வாரம் பொறுங்க. நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க. தலை சுத்தும், எரிச்சல் வரும், பழைய வியாதியே திரும்பியும் வரலாம்."

அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

ஆறாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. "என்ன இது, இட்லியில உப்பே இல்ல?" என்று சத்தம் போட்டேன். சமையலறையிலிருந்து மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"ருசி தெரியறதா?"

தன் சமையலைக் குறை சொன்னதற்காக ஒரு மனைவி சந்தோஷப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.